ஆச்சி மனோரமா: நாடகக் கொட்டகையிலிருந்து சின்னத்திரை வரை. எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி, அரூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து நாடகம், சினிமா பற்றிப் பேசுகிறேன். சில வாரம் ஒரு பழைய படத்தை மடிக்கணினியில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். மனோரமா வருகிற படமாக இருந்தால் அன்றைக்குக் கேள்விகள் முடிவதே இல்லை. பிள்ளைகள் கேட்டது, அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் கேட்டது, என் அத்தை கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அத்தை இருபது வருடத்துக்கு மேல் ஊர் நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர். இந்தப் பதில்களில் பாதி அவரிடம் கற்றது.

மனோரமா நம்ம ஊர்க்காரரா?

இல்லை. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் உடைந்தது. அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூருக்குப் போய்விட்டார். வறுமையில் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 'ஆச்சி' என்ற பெயருக்கும் அந்தச் செட்டிநாட்டுத் தொடர்பு உண்டு. செட்டிநாட்டில் வீட்டுப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. கடைசியில் தமிழ்நாடு முழுக்க 'ஆச்சி' என்றால் அவர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டது.

அப்படியானால் நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாதா?

உண்டு. சேலம் வழியாக.

மனோரமா முதன்முதலில் கதாநாயகியாக நடித்த படம் 'கொஞ்சும் குமரி', 1963இல் வந்தது. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் ஆரம்பித்த அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' (1938) அவர்களுடையது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படமும் அவர்களுடையதுதான். 1963இல் தர்மபுரி தனி மாவட்டமே கிடையாது. சேலம் மாவட்டத்திலிருந்து நாம் பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது 2004இல். ஆக, மனோரமா கதாநாயகியான அந்த ஒரு படம் அன்றைக்கு நம் மாவட்டத்துப் படம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அதைச் சொல்லும்போது எனக்கே ஒரு சந்தோஷம்.

அந்தப் படத்தின் கதாநாயகன் ஆர்.எஸ். மனோகர். அவரும் மேடையை விடாதவர். 'நேஷனல் தியேட்டர்ஸ்' என்ற குழுவை வைத்துப் பெரிய பெரிய புராண, சரித்திர நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

நாடகத்துக்கு எப்படி வந்தார்?

பன்னிரண்டு வயதில். பாட்டு நன்றாக வரும், கூச்சம் கிடையாது, வீட்டில் காசும் கிடையாது. அந்தக் காலத்தில் நாடகத்துக்கு வந்த பெண் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கதை. மேடையில் அவருக்கு 'மனோரமா' என்று பெயர் வைத்தவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும். அந்த ஆர்மோனியக்காரரின் பெயரை நான் விடாமல் சொல்வேன். நாடகத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர்தான் நடிகையின் குரலை முதலில் அளக்கிறவர். எந்தக் கட்டையில் பாடினால் விடிய விடியத் தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். 'மணிமகுடம்', 'தென்பாண்டி வீரன்', 'புதுவெள்ளம்' என்று தொடர்ந்து மேடை. 1954இல் நாடகக் குழுவில் இருந்த எஸ்.எம். ராமநாதனைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். கையில் ஒரு மகன். வயது இருபதுகூட ஆகவில்லை. அதற்கப்புறம் அவர் ஓய்ந்து உட்கார்ந்ததே இல்லை.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தார். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி. ராமராவ் ஆகியோரோடு சினிமாவில் நடித்தார். கருணாநிதியோடு நடித்த நாடகம் 'உதயசூரியன்'. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவரோடு நடிக்கும்போது இந்த ஐந்து பேரில் யாருமே முதலமைச்சர் இல்லை. எல்லோரும் நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள். பிற்பாடு அவர்கள் போன இடம் வேறு, மனோரமா நின்ற இடம் வேறு. அவர் தொழிலிலேயே நின்றார்.

கதாநாயகியாக நடித்தவர் ஏன் நகைச்சுவைக்குப் போனார்?

உண்மையில் முதலில் வந்தது நகைச்சுவைதான். முதல் படம் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை', 1958. அதில் அவருக்குக் கிடைத்தது சிரிப்பு வேடம். மனோரமாவுக்குத் தயக்கம் இருந்தது. மேடையில் நாயகியாக நின்றவருக்கு அது இருக்கத்தானே செய்யும். இந்தப் பெண்ணுக்கு நகைச்சுவை வரும் என்று நம்பியவர் கண்ணதாசன். அதை மனோரமா கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

கதாநாயகிக்கு ஆயுள் குறைவு. ஐந்து வருடம், பத்து வருடம், அப்புறம் அக்கா வேடம், அம்மா வேடம், அப்புறம் வீடு. நகைச்சுவை நடிகைக்கு வயது ஒரு தடை இல்லை. அவருக்கு வேலை 1958இல் ஆரம்பித்து 2010 தாண்டியும் இருந்தது. 'கொஞ்சும் குமரி'க்குப் பிறகும் நாயகியாகத்தான் நடிப்பேன் என்று அடம் பிடித்திருந்தால் நமக்கு இந்த ஆச்சி கிடைத்திருக்க மாட்டார்.

அவருக்கு முன்னால் தமிழில் நகைச்சுவை நடிகைகளே இல்லையா?

இருந்தார்கள், நல்லவர்களாகவே இருந்தார்கள். டி.ஏ. மதுரம், அங்கமுத்து, சி.டி. ராஜகாந்தம், எம். சரோஜா. ஆனால் மதுரம் என்றால் என்.எஸ். கிருஷ்ணன், சரோஜா என்றால் தங்கவேலு என்று ஜோடியாகத்தான் மக்கள் நினைவில் வைத்தார்கள். மனோரமா யாருடைய ஜோடியும் இல்லை. நாகேஷோடு நடித்தார், சோவோடு நடித்தார், தேங்காய் சீனிவாசனோடு நடித்தார், சுருளிராஜனோடு நடித்தார். எதிரே நிற்பவர் மாறிக்கொண்டே இருந்தார். அவர் இடம் மாறவில்லை.

ஆயிரம் படம் என்பது எப்படி முடியும்? கணக்கு இடிக்கிறதே!

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. சரி, கணக்கே போடுவோம் என்று பலகையில் எழுதினோம். முதல் படம் 1958. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்ததற்காக கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது 1985. நடுவில் 27 வருடம். ஆயிரத்தை 27ஆல் வகுத்தால் வருடத்துக்கு 37 படம், மாதத்துக்கு மூன்று.

மாதத்துக்கு மூன்று படம் ஒரு கதாநாயகியால் முடியாது. குணச்சித்திர, நகைச்சுவை நடிகையால் முடியும். அவருடைய பகுதியைச் சில நாள் கால்ஷீட்டில் எடுத்து முடித்துவிடலாம். காலையில் ஒரு ஸ்டூடியோ, மதியத்துக்கு மேல் இன்னொரு ஸ்டூடியோ. ராத்திரி நாடகம் இருந்தால் அதுவும். காலையில் கைம்பெண் வேடம், மாலையில் கீரைக்காரி வேடம் என்றால், நடுவில் காரில் போகிற அந்த அரை மணி நேரத்தில் ஒருத்தியை இறக்கிவிட்டு இன்னொருத்தியை ஏற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் படக் கணக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. மேடை ஏறிய தடவைகளை ஆயிரக்கணக்கில்தான் சொல்கிறார்கள்.

பையன் திருப்தியாகி உட்கார்ந்தான். என் அத்தைதான் மெதுவாகக் கேட்டார்: "அத்தன படத்துக்கும் வசனம் மனப்பாடம் பண்ணணுமே, எப்ப தூங்கியிருப்பா?"

நாடகத்தில் கற்றது சினிமாவில் எங்கே தெரிகிறது? ஒரு காட்சி காட்டுங்கள்.

'தில்லானா மோகனாம்பாள்', 1968. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஒவ்வொருவரும் மலை. அதற்கு நடுவில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக மனோரமா வருகிறார். படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் பேசுவதில் பாதி ரமாமணியைப் பற்றித்தான்.

இதை அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தச் சொல்லிக் காட்டினார். "பாரு, பேசும்போது குரல் முன்னாடி போவுது. கண்ணு பின்னாடி நிக்குது." நானும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது. வாய் நிறையப் பேச்சு, உடம்பு முழுக்கக் குலுக்கல், ஆனால் கண் மட்டும் எதிரே இருப்பவர் முகத்தை அளந்துகொண்டே இருக்கிறது. நம்மை மதிக்கிறார்களா, சிரிக்கிறார்களா என்று. தினமும் புது ஊர், புது ஜனம், அவர்கள் எப்படி நடத்துவார்களோ என்ற பயம். அதோடு வாழ்ந்த நாடகக்காரியின் கண் அது. அத்தைக்கு அது தெரியும். மனோரமாவுக்கு அது சொந்த வாழ்க்கை. யாரும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை.

'வா வாத்தியாரே ஊட்டாண்ட' பாட்டு மெட்ராஸ் பாஷைதானே? மன்னார்குடிக்காரருக்கு எப்படி வந்தது?

1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படப் பாட்டு, இசை வி. குமார். மனோரமாவே பாடினார். சென்னைத் தமிழுக்கே அடையாளமாகிவிட்ட பாட்டு.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன். உங்கள் பாட்டி 'வீட்டுக்கு' என்பாரா, 'ஊட்டுக்கு' என்பாரா? எல்லாக் கையும் 'ஊட்டுக்கு' என்றுதான் தூக்கும். 'ஊட்டாண்ட', 'கேணியாண்ட', 'என்னாண்ட' எல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் என்று வடக்குப் பக்கம் முழுக்கப் புழங்குகிற பேச்சுதான். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசினால் திருத்துகிறார்கள். ஒரு பெரிய நடிகை அதே பேச்சில் பாடிப் பேர் வாங்கினார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதைப் பார்க்க வேண்டும். அப்புறம் 'வாத்தியார்'. நம் பக்கம் கூத்தும் நாடகமும் பழக்குகிறவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர்.

ஒவ்வொரு வட்டாரப் பேச்சையும் வேடம் கட்டுவது மாதிரி அவர் எடுத்துக் கட்டிக்கொண்டார். 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) தூத்துக்குடிப் பேச்சு. 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் கொங்குப் பேச்சு. அந்தப் படத்தில் முன்னால் துருத்திய பல் ஒன்றைப் பொருத்திக்கொண்டு விஜயகாந்துக்கு அம்மாவாக வந்தார். வாயில் செயற்கைப் பல்லை வைத்துக்கொண்டு வட்டாரப் பேச்சைச் சுத்தமாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று பேசிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் கூட்டத்தில் பிள்ளைகள் ஆரஞ்சுத் தோலை வெட்டிப் பல்லாக வைத்துப் பேசிப் பார்த்தார்கள். இரண்டு வரிக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை.

அம்மா வேடம் எப்போது ஆரம்பித்தார்?

தேதி குறித்துச் சொல்ல முடியாது, மெதுவாக நகர்ந்தார். எண்பதுகளில் அது நிலைத்துவிட்டது. 'சின்ன கவுண்டர்' வந்தபோது அவருக்கு 54, மகனாக நடித்த விஜயகாந்துக்கு 39. கமல், பிரபு என்று எல்லோருக்கும் அம்மாவாகவோ அம்மா ஸ்தானத்திலோ நின்றார்.

நான் மறுபடி மறுபடி பார்ப்பது இரண்டு.

ஒன்று 'சம்சாரம் அது மின்சாரம்' (1986), விசு எழுதி இயக்கி ஏ.வி.எம். தயாரித்தது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். அதில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. அந்தக் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள்தான் அந்தக் குடும்பத்துக்காகச் சண்டைக்கு நிற்கிறாள். சிறு வயதில் வறுமையைப் பார்த்தவர் ஒரு வேலைக்காரியை நடிக்கும்போது கையில் துடைப்பம் பிடிக்கிற விதமே வேறாக இருக்கிறது.

இன்னொன்று 'சின்ன தம்பி' (1991). வெள்ளைப் புடவை கட்டிய விதவைத் தாயை அவமானப்படுத்தும் அந்தக் கட்டம். எங்கள் ஊரில் அதை ஒரு முறை போட்டபோது, பின்னால் நின்றிருந்த இரண்டு பெண்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். படம் பிடிக்காமல் போகவில்லை, பார்க்கத் தாங்கவில்லை. நான் அதை நடுவில் நிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

விருதுகள்?

பார்த்திபன் முதன்முதலில் இயக்கிய 'புதிய பாதை' (1989) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 2002இல் பத்மஸ்ரீ. கலைமாமணி. கின்னஸ் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

வேறு மொழியில் நடித்தாரா?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி எல்லாவற்றிலும் நடித்தார். இந்தியில் மெஹ்மூதோடு 'குன்வாரா பாப்' (1974). தெலுங்கில் 'அருந்ததி' (2009). அந்தப் படம் வந்தபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

டிவி தொடர்களில் நடித்தது அவருக்கு இறக்கம் இல்லையா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அடிக்கடி வருகிறது.

மேடையில் ஒருவர் நடிக்கும்போது கடைசி வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும். அதனால் குரலும் கையும் பெரிதாக இருக்கும். சினிமாவில் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அங்கே புருவம் அசைந்தால் போதும். தொடரில் இரண்டும் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை காட்சி முடிக்க வேண்டும் என்ற அவசரம், திரும்பத் திரும்ப எடுக்க நேரம் கிடையாது, வசனத்தை அன்றைக்குக் கையில் கொடுப்பார்கள். மேடையில் பழகியவர்களுக்குத்தான் அது கைவரும். மறந்தால் சமாளிக்கத் தெரியும், எதிரே இருப்பவர் மறந்தால் எடுத்துக் கொடுக்கத் தெரியும். மனோரமா சின்னத்திரைக்கு வந்தது தன் பழைய தொழிலுக்குத் திரும்பியது மாதிரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்கள் தெருவுக்கு வந்தது. கொட்டகைக்குப் போகவே அனுமதி இல்லாத பாட்டிகள், வயசுப் பெண்கள் எல்லோரும் அப்போதுதான் அவரை ஆற அமரப் பார்த்தார்கள். பழைய படமோ தொடரோ, அவர் முகம் தெரிந்தால் "நம்ம ஆச்சி வந்துட்டா" என்பார்கள்.

நம் ஊர் நாடகத்திலும் பெண் வேடத்துக்கு நடிகைகள் வருகிறார்களே. அதுவும் இதுவும் ஒன்றா?

தெருக்கூத்து வேறு, நாடகம் வேறு. கூத்தில் பாஞ்சாலியாக வருவதும் பெரும்பாலும் ஆண்தான். நாடகம் என்றால், எங்கள் பக்கம் ஊர் இளைஞர்கள் வாத்தியார் வைத்து மாதக்கணக்கில் பழகி, திருவிழா ராத்திரியில் அரங்கேற்றுவார்கள். ராஜா, மந்திரி, வில்லன் எல்லாம் ஊர்க்காரர்கள். பெண் வேடத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து நடிகை வருவார். பெரும்பாலும் ஒத்திகைக்கே வரமாட்டார். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, வாத்தியாரிடம் கதையைக் கேட்டுக்கொண்டு, பத்து மணிக்கு மேடை ஏறி விடியும்வரை நடித்துவிட்டு முதல் பஸ்ஸில் போய்விடுவார்.

என் அத்தை அப்படித்தான் போய் வந்தார். ஒரு தகரப் பெட்டி. உள்ளே சவுரி, ஜரிகை போன புடவை இரண்டு, முகத்துக்குப் பூச முத்துவெள்ளை, கண்மை, கையளவு கண்ணாடி, அரிதாரத்தைக் கலைக்க ஒரு சீசாவில் தேங்காய் எண்ணெய். காலையில் வீட்டுக்கு வரும்போது காதுக்குப் பின்னால் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கும். நான் ஈரத் துணியில் துடைத்துவிடுவேன்.

அரிச்சந்திரா நாடகத்தில் சந்திரமதி அவருக்கு நல்ல பேர் வாங்கிக்கொடுத்த வேடம். மயான காண்டம் வரும்போது மணி மூன்றாகிவிடும். லோகிதாசனாக நடிக்கிற சின்னப் பையன் பிணமாகப் படுத்திருக்க வேண்டிய இடத்தில் நிஜமாகவே தூங்கிவிடுவான். அத்தை அவனை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைப்பார். குறட்டை மைக்கில் கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு கையால் அவன் முகத்தைத் தன் வயிற்றோடு திருப்பி அணைத்துக்கொள்வார். கீழே உட்கார்ந்திருக்கிற பெண்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அணைக்கிறாள் என்று அழுவார்கள். நோட்டைக் குத்திவிட்டு அன்பளிப்பு என்று மைக்கில் பேர் சொல்வார்கள். காலையில் அதே பெண்கள் பஸ் நிறுத்தத்தில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

சொந்தத்திலும் அப்படித்தான். ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது எங்கள் அப்பாவுக்கு வைத்தார்கள், அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு வைக்கவில்லை. மனோரமாவைக் கொண்டாடுகிற நாம் அவர் தொடங்கிய அதே இடத்தில் நிற்கிற பெண்களை இப்படி நடத்துகிறோம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். ஆச்சியின் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அடுத்த திருவிழாவுக்கு வருகிற நடிகைக்கு உடை மாற்றக் கதவு உள்ள ஓர் இடமும், ராத்திரிச் சாப்பாடும், பேசிய பணமும் சரியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். விழாக் குழுவில் ஒரு பெண்ணையும் போடுங்கள்.

என் மகளுக்கு நடிப்பில் ஆசை. எங்கே அனுப்பலாம்?

முதலில் பள்ளி நாடகம், ஊர் நாடகம். இரண்டு வருடம் மேடையில் நிற்கட்டும். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பாட்டும் பரதமும் அங்கே கற்கலாம். நடிகைக்கு இரண்டுமே உதவும். பட்டப் படிப்பாக நாடகம் படிக்க வேண்டும் என்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. தேசிய நாடகப் பள்ளிக்குப் பெங்களூரில் ஒரு கிளை உண்டு. ஓசூர்க்காரர்களுக்கு அது சென்னையைவிடப் பக்கம். சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பழகி சினிமாவுக்குப் போய்ப் பேர் எடுத்தவர்கள் பலர்.

கூத்து, நாடகம் என்று ஏற்கனவே தொழிலாகச் செய்கிறவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அத்தை ரொம்ப நாள் செய்யாமலே விட்டுவிட்டார். அடையாள அட்டை எதுக்கு, என்னை எல்லாருக்கும் தெரியுமே என்பார். வயதான பிறகு அந்த அட்டையின் அருமை புரிந்தது.

வாட்ஸ்அப்பில் "புது முகங்கள் தேவை, பதிவுக் கட்டணம்" என்று வருகிறது. நம்பலாமா?

வேண்டாம். நடிக்க வைக்கிறவர்கள்தான் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும், நீங்கள் அவர்களுக்குத் தரக் கூடாது. எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணின் அம்மா, தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு வந்து சொன்னார். அந்த எண்ணுக்கு அப்புறம் அழைப்பே போகவில்லை. படப்பிடிப்பு என்று கூப்பிட்டால் எந்த இடம், எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், பெண் பிள்ளைக்குத் துணையாக யார் வரலாம் என்று நான்கையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

மனோரமாவை இதுவரை பார்க்காதவர்கள் எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

பெரியவர்கள் 'தில்லானா மோகனாம்பாள்'. பிள்ளைகள் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' (1988) பார்க்கலாம். அதில் பாட்டிதான் படத்தையே இழுத்துக்கொண்டு போகிறார். 'நடிகன்' (1990) பார்த்தால் வயிறு வலிக்கும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் 'மே மாதம்' (1994) படத்தின் 'மெட்ராஸ சுத்திப் பாக்கப் போறேன்'. ரகுமான் இசையில் அவர் குரல் வருகிற இடத்தைக் கவனியுங்கள். 57 வயதுக் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசிவரை நடித்தாரா?

உடம்பு இடம் கொடுத்தவரை நடித்தார். கடைசிச் சில வருடங்கள் நோயில் போயின. 2015 அக்டோபர் 10, சனிக்கிழமை ராத்திரி சென்னையில் காலமானார். வயது 78.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை களி கிளறிக்கொண்டிருந்தார். துடுப்பை அப்படியே வைத்துவிட்டு வந்து, நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கேணியாண்ட போய், நான்கு வாளி தண்ணீர் சேந்தித் தலை முழுகிவிட்டு ஈரப் புடவையோடு வந்தார். எங்கள் பக்கம் பங்காளி வீட்டில் யாராவது இறந்தால்தான் அப்படித் தலை முழுகுவது வழக்கம்.